மீன் போகாத வீடு

போன மாதம் தங்கை மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். நான் தட்டச்சராக இருந்த அதே பல்கலைக்கழகம். மண்டபத்து வாசலில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பினாயில் வாசனை மூக்கில் ஏறியதும் பட்டமும் மறந்தது, படம் எடுக்கக் காத்திருந்த தங்கையும் மறந்துபோனாள். அஞ்சலை அக்காதான் கண்முன்னே வந்து நின்றார்.

எண்பதுகளில் எங்கள் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவர் அவர். கிள்ளானிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். நான் நகரத்துப் பிரிக்பீல்ட்ஸ்காரி, அப்பா ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. கிராணி வீட்டுப் பெண் கொடி பிடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மதிய இடைவேளையில் தொழிற்சங்கத்து ஆட்கள் மரத்தடியில் கூடுவார்கள். நான் சந்தா மட்டும் கட்டிவிட்டு மேசையிலேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன். அவ்வளவு பெரிய வீராங்கனை!

அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெரிய அதிகாரியின் வீட்டு வேலையும் எங்கள் தலையில்தான். தோட்டக்காரர் அவர் வீட்டுப் புல்லை வெட்டுவார். டிரைவர் ஹமீது பாய் பாசாரில் மீன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். நான் அவர் மகனின் பள்ளிக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்வேன். பையன் நல்ல மார்க் வாங்கினால் எனக்குக்கூடப் பெருமையாக இருக்கும், வெட்கக்கேடு. அதிகாரியும் தமிழர்தான், அதனால் எங்களிடம் உரிமை இன்னும் அதிகம்.

அந்த மகனின் பிறந்தநாள் விருந்துக்குச் சட்டி கழுவ அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டார்.

"நான் யுனிவர்சிட்டிய கூட்டத்தான் வந்தேன் சார். உங்க வீட்ட இல்ல."

மறுநாளே வேலை போயிற்று. மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாமாம். புருஷனை இழந்தவர், பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று மதியம் மரத்தடிக்குப் போனேன். உயரமான செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, ஒற்றைக் காலில் போராட்டத்தில் குதித்தேன்.

"ஒரு சோரி சொல்லிட்டுப் போங்களேன்கா," என்றார் அங்கே வந்திருந்த அக்காவிடம் யாரோ.

"எதுக்கு சோரி? தின்னது அவங்க, கழுவுறது நானா? போ லா!" என்றார் அஞ்சலை அக்கா.

சங்கச் செயலாளரும் ஹமீது பாய்தான். "ஸ்டிரைக் எல்லாம் வேணாம். ஆபீஸ் வேலைய சுத்தமா செய்வோம். வீட்டு வேலைய மட்டும் தொடாதீங்க. அவ்ளோதான்," என்றார்.

மறுநாள் அந்த வீட்டுக்கு மீன் போகவில்லை. புல் இஷ்டத்துக்கு வளர்ந்தது. நான் கட்டுரையை அதிகாரியின் மேசையில் திருப்பி வைத்து, "இது என் வேலை இல்ல சார்," என்றேன். குரல் நடுங்கவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர் முகம் சிவந்தது, ஆனால் என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு மீன் வரவில்லை என்று எந்த டிரைவர்மேல் புகார் கொடுப்பார்? கொடுத்தால் மாட்டுவது அவரேதான்.

இரண்டாவது வாரம் அதிகாரியே ஆள் அனுப்ப, அஞ்சலை அக்கா மறுபடி வேலைக்கு வாளியோடு வந்து இறங்கினார். மன்னிப்புக் கேட்கவே இல்லை. கிராணி வீட்டுப் பெண் கொடி பிடித்துவிட்டாளே என்று அப்பா கொஞ்ச நாள் முறைத்தார். நானும் கெஞ்சப் போகவில்லை.

விழா மண்டபத்து வாசலில் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "சங்கத்துல இருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"சங்கமா? நாங்க கான்ட்ராக்ட் லா ஆன்டி. நாளைக்கு லீவு, ஆனா சுபாங் ஜெயாவுல பாஸ் வீட்ட கழுவப் போகணும்."

"முடியாதுன்னு சொல்லேன்."

"சொன்னா, என்கூட யாரு நிப்பா?"

மரம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஹமீது பாயும் இல்லை, அஞ்சலை அக்காவும் இல்லை. நானோ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விழா பார்க்க வந்தவள். இருந்தாலும், "நான் நிக்கிறேன்," என்றேன். அவள் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.