காசிநாதன் கட்டிய பஸ் வீடு

குழம்பு கொதிக்கிறதா என்று காசிநாதன் திரும்பிப் பார்ப்பதில்லை. டிரைவர் சீட்டில் சாய்ந்தபடி, தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்ப்பார். அதில் பின்னால் எரிகிற அடுப்பு தெரியும். அடுப்புக்கு மேலே அழிக்காமல் விட்டிருக்கும் 'புகை பிடிக்காதீர்' இடம் வலமாக மாறித் தெரியும். கொதி வந்ததும் எழுந்து போய் அணைத்துவிட்டு, கரண்டியை ஜன்னல் வழியாக நீட்டுவார்.

"இந்தா, உப்பு பாரு."

வெளியே நிற்கும் அவர் மனைவி பெரியநாயகி உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து, "கம்மி" என்பார். பஸ்ஸுக்குள் அடுப்பு வைத்த நாளிலிருந்து உப்பு பார்க்கிறவர் அவர்தான். ஆனால் பஸ்ஸுக்குள் ஒரு தரம்கூடக் கால் வைத்ததில்லை.

தியாகதுருகத்தை ஒட்டிய எங்கள் ஊரில், மரவள்ளிக் கொல்லைக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவில் நிற்கிறது அந்தப் பஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் ரூட்டில் முப்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர் காசிநாதன். சாயங்காலக் கடைசி டிரிப்பில் மலையேறுவார், இரவு பஸ்ஸிலேயே படுப்பார், காலையில் இறங்குவார். வீட்டுக்கு வருவது பகலில் தூங்கத்தான். கடைசியாக ஓட்டிய பஸ்ஸை முதலாளி பழைய இரும்புக்குப் போடப்போகிறார் என்று தெரிந்ததும், கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில் நிறுத்திவிட்டார். உள்ளே ஒரு வீடு கட்டி, மனைவியைக் கூட்டிக்கொண்டு மலையெல்லாம் சுற்றப் போகிறாராம்.

"முப்பது வருசமா பொழுது சாஞ்சா இந்த ஆள இட்டுக்கினு போன சக்களத்தி சார் இது. இப்ப வூட்டுக்கே இட்டாந்து குந்த வச்சிக்கினு இருக்காரு. இதுல நான் காலு வப்பனா?" என்று பெரியநாயகி என்னிடம் கேட்டார். பிள்ளைகளின் காய்ச்சலையும், கூரைத் தகடு காற்றில் பிய்த்துக்கொண்டு போன ராத்திரியையும் தனியாகப் பார்த்தவர். அவர் கோபத்தில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை.

காசிநாதன் அசரவில்லை. டிரைவர் சீட்டையும் அதற்குப் பக்கத்து சீட்டையும் விட்டுவிட்டு மற்ற சீட்டுகளைக் கழற்றினார். கொல்லை வேம்பை வெட்டிக் கட்டில் செய்தார். கூரையில் தண்ணீர் டேங்க் ஏறியது. "இன்னும் ஒரே வேலதான் சார்" என்பார். அந்த ஒரே வேலை ஒன்பது வருஷம் நடந்தது. ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெருவில் நடக்கும்போதுகூட முனை திரும்புமுன் தொண்டையைக் கனைத்து ஹாரன் கொடுக்கிற மனுஷரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதும் கஷ்டம்தான். நானும் சிரித்தேன், இரண்டாவது கட்டிலுக்கு அவர் அளவெடுத்த விதத்தைப் பார்க்கும்வரை. பெரியநாயகி மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் நகர்ந்ததும் காசிநாதன் போய், தலை எட்டிய இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்துவிட்டு வந்தார்.

இந்த வைகாசியில் வேலை முடிந்தது. "வண்டின்னா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும். வூடுன்னா பால் காய்ச்சணும். இது இன்னா சார்?" என்று கேட்டார். இரண்டையும் செய்துவிடுங்கள் என்றேன். பால் கிழக்கே பொங்க வேண்டும். பஸ் நின்ற இடமோ மேற்கே சரிவு. காசிநாதன் பாத்திரத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியில் நின்ற பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை.

"மேக்கால இருக்கற சக்கரத்த பலக மேல ஏத்துங்களேன்!"

ஏற்றினார். பால் ஒழுங்காகக் கிழக்கே பொங்கி வழிந்தது. வீட்டையே சாய்த்து வைத்துப் பால் காய்ச்சிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெரியநாயகி தன் பங்குப் பாலை ஜன்னல் வழியாக வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை உள்ளே நீட்டினார்.

அன்று சாயங்காலமே வெள்ளிமலைக்கு முதல் பயணம் என்றார் காசிநாதன். பழைய டிரிப் நேரம். பழைய காக்கிச் சட்டை. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு பஸ் கொல்லையை விட்டுப் பாதை வரை வந்து உறுமியபடி நின்றது. பெரியநாயகி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நீங்கள் போகவில்லையா என்றேன்.

"போறவரு போவட்டும் சார். பொழுது சாஞ்சா கெளம்பற புத்தி இன்னும் போவல பாருங்க."

என்னிடம் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. காசிநாதனுக்குக் கேட்டுவிட்டது.  என்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து மனைவி கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"இனிமே பொழுது சாஞ்சி எங்கியும் போறதில்ல. விடிஞ்சதும் போவலாம். நீ வந்தாதான் வண்டி எடுப்பேன்."

பெரியநாயகி மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போடப் போனார். 

காலையில் வேடிக்கை பார்க்க நானும் போனேன். காசிநாதன் என்ஜினைப் போடாமல், நேரே பாதையைப் பார்த்தபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெரியநாயகி மாட்டைப் பங்காளி வீட்டில் கட்டிவிட்டு, தலைவாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். படியருகே வந்தவர் ஏறவில்லை. முன் ஜன்னலுக்குப் போனார். பஸ்ஸில் போட்டிக்கு ஒரு ஆள் கிடையாது. அப்படியும் தோளில் கிடந்த துண்டை எடுத்து, எக்கி நின்று, ஜன்னலுக்குள் கையை விட்டு, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போட்டு இடம் பிடித்தார்.