அபீனா மலையிறங்கிய நாள்

குன்னூரில் சில்வஸ்டரின் கறுப்பு அம்பாசிடர் டாக்ஸியைத் தெரியாதவர்கள் அப்போது குறைவு. மழைக்காலத்தில் ஈரப்படியில் வழுக்கி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, வண்டியை விற்றுவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"வித்துப்போட்டு என்னத்தப் பண்றதுங்கப்பா? நான் ஓட்டறேன்" என்றாள் மகள் ஜெஸிந்தா.

ஓட்டத் தெரியும் அவளுக்கு. ஏறத்தான் ஆளில்லை. வந்தவர்கள் டிரைவர் எங்கே என்று தேடினார்கள்; அவள்தான் என்றதும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். நாலு மாசம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மெக்கானிக் குமாரசாமியிடம் சொல்லி இடதுபக்கத்தில் இன்னொரு பிரேக் வைக்கச் செய்து, பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு நர்ஸ் வந்தாள், அப்புறம் ரெண்டு டீச்சர்கள். ஒருநாள் பக்கத்து வெலிங்டனிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து நின்றாள்.

வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வெளிநாட்டு அதிகாரிகள் ஒரு வருஷப் படிப்புக்கு வருவார்கள். கணவன்மார் வகுப்புக்குப் போய்விட, மனைவிமார் குளிரில் வீடுகளுக்குள் அடைந்து கிடப்பார்கள். ஜெஸிந்தாவின் வண்டி அவர்களை வெளியே கொண்டுவந்தது. ஓட்டக் கற்றவர்கள் அப்படியே சிநேகிதிகளும் ஆனார்கள். ஆனால் வருஷம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக் கிளம்பிவிடுவார்கள். முதல் வருஷம் ஸ்டேஷனில் நின்று அழுது தீர்த்தாள் ஜெஸிந்தா. அடுத்த வருஷமும் அதே கதை. அதற்குப் பிறகு யார் கிளம்பினாலும் அன்றைக்கு அவளுக்குத் தலைவலி வந்துவிடும்; வழியனுப்பப் போகமாட்டாள்.

எண்பத்து மூன்றில் வந்தவர்களில் மூன்று பேர் அவளோடு ஒட்டிக்கொண்டார்கள். கானா நாட்டு அபீனா, ஆஸ்திரேலியாவின் மார்கரெட், மலேசியாவின் ஃபரீதா. அபீனா சிரித்தால் மார்க்கெட்டில் ரெண்டு கடை தள்ளிக் கேட்கும். "ரொம்ப ஜாஸ்திங்க, போங்க!" என்று கேரட்டுக்குப் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. லைசென்ஸும் வாங்கிவிட்டாள். மலைப்பாதைதான் அவளுக்கு எமன். பர்லியார் ரோட்டில் ஒருதடவை பள்ளத்தை எட்டிப் பார்த்தவள், முகத்தை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள்.

அபீனாவின் பயணம்தான் முதலில் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், ஜெஸிந்தாவின் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சமைத்தது அபீனா. கடலைக்காயை அரைத்துவிட்டுக் கோழிக்குழம்பு வைத்திருந்தாள்.

"ஏனுங்கம்மா, கோழியில கடலக்காயா?" என்று சந்தேகத்தோடு ஆரம்பித்தார் சில்வஸ்டர். மூன்றாவது தடவை குழம்பு வாங்கும்போது, "உங்க ஊருக்கு இங்கிருந்து பஸ் ஏதாச்சும் போகுதுங்களா?" என்று கேட்டார். ஜெஸிந்தா மொழிபெயர்த்துச் சொன்னதும் அபீனா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் ஜெஸிந்தாவைப் பார்த்தாள். "நாளைக்கு உனக்குத் தலைவலி வரும் என்று மார்கரெட் சொன்னாள்."

ஜெஸிந்தா தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"வரக்கூடாது டீச்சர். மேட்டுப்பாளையம் வரைக்கும் நான் ஓட்டப்போகிறேன். என்னை இங்கே கூட்டிவந்தபோது வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். ஒரு வருஷம் இருந்த மலை. இறங்கும்போதாவது பார்த்துக்கொண்டு இறங்குகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் முடியும்."

அதற்கு மேல் தலைவலி எப்படி வரும்?

மறுநாள் அபீனாவின் கணவர் சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டார். மத்தியானம் நாலு பெண்களும் அம்பாசிடரில் ஏறினார்கள். பின்சீட்டில் ஃபரீதா பிரார்த்தனை பண்ணிக்கொண்டே வந்தாள். மார்கரெட் அவளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தாள். அபீனா இரண்டாவது கியரில் வண்டியை எறும்பு போல இறக்கினாள். காட்டேரி என்ற ஊரைத் தாண்டியதும் மார்கரெட்டிடம் தனக்கும் ஒரு மிட்டாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். பர்லியாரில் நிறுத்திப் பலாச்சுளை தின்றார்கள்.

அதற்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் அது நடந்தது. முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து பாதி ரோட்டை அடைத்து நின்றது. மிச்சமிருந்த பாதியில் கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்துவிட்டது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அபீனா ரிவர்ஸிலேயே மேட்டில் ஏறி ஒதுங்க வேண்டும்.

"நீ வா, நீ ஓட்டு" என்றாள் அபீனா. நெற்றியெல்லாம் வியர்வை.

"இடம் மாத்த நேரமில்ல. கிளட்சைப் பாதி விடு. இஞ்சின் முனகும், அப்போ ஹேண்ட் பிரேக்கை எடு. பள்ளத்தை நான் பார்த்துக்கறேன். நீ கண்ணாடியை மட்டும் பாரு."

முதல் தடவை இஞ்சின் அணைந்தது. இரண்டாவது தடவை வண்டி ஒரு சாண் முன்னால் நழுவ, ஃபரீதா அலறினாள். ஜெஸிந்தா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துப் பிடித்தாள். பஸ் டிரைவர் ஆறுமுகசாமி தலையை வெளியே நீட்டி, "அம்மணி, அவசரமில்லீங்க! மெதுவாப் போங்க!" என்று கத்தினார். மூன்றாவது தடவை இஞ்சின் முனகியது. ஜெஸிந்தா காலை எடுத்துக்கொண்டாள். வண்டி ஒரே சீராகப் பின்னால் ஏறிப் பாறையோரம் போய் ஒதுங்கி நின்றது.

பஸ் பக்கத்தில் வந்தபோது ஆறுமுகசாமி நிறுத்தியே விட்டார். "எந்த ஊருங்க நீங்க?"

"குன்னூருங்க!" என்றாள் அபீனா. பஸ் முழுக்கக் கைதட்டியது.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் அபீனா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்த அவள் கணவர் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நடந்ததை நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ரயில் கிளம்பும் நேரம் வந்தபோது அபீனா இரண்டு கையாலும் ஜெஸிந்தாவின் முகத்தைப் பிடித்து, "எங்கள் ஊரில் மலை கிடையாது. இனி நான் யாரிடம் பெருமையடிப்பது?" என்றாள். அழுகையும் சிரிப்புமாக ஜெஸிந்தா அவளைக் கட்டிக்கொண்டாள். ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தின் கடைசிவரை கையாட்டிக்கொண்டே நடந்தாள்.

அதற்கடுத்த வருஷங்களில் ஊருக்குக் கிளம்பும் சிநேகிதிகள், தைரியம் உள்ளவர்கள், அப்படித்தான் தாங்களே ஓட்டி மலையிறங்கினார்கள். ஜெஸிந்தா ஒருத்தியைக்கூட வழியனுப்பாமல் விடவில்லை.

அபீனாவை அனுப்பிய அன்று திரும்பும்போது ஜெஸிந்தா டிரைவர் சீட்டுக்குப் போனால், அங்கே மார்கரெட் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அடுத்த வாரம்தான் பயணம். ஆனால் ஏற்றத்தில் இன்றைக்கே பழகிக்கொள்கிறேன்" என்றாள்.

"அல்லாவே" என்று பின்சீட்டில் ஃபரீதா கண்ணை மூடிக்கொண்டாள்.