நெட்ரா ஓல்சன் குடிக்காத காபி

முப்பது வருஷத்துக்கு மேல் காபி போட்டு ஊற்றியவர் நெட்ரா ஓல்சன். அதில் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. நாங்கள் மார்மன் கிறிஸ்தவர்கள்; எங்கள் சபையில் காபியும் டீயும் கூடாது. ஆனால் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் நடுவில், வான்கோழிப் பண்ணைகளை ஒட்டிப் போகிற நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை நடத்தினால், காபி இல்லாமல் ஒரு லாரியும் நிற்காது. அதனால் எங்கள் ஊரான ஃபேர்ஹோமில் இருந்த அந்த ஒரே கடையில் விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் பானையை ஏற்றுவது நெட்ராவின் வேலையாக இருந்தது.

வெளியூர்க்காரர்கள் காபியோடு சேர்த்து எங்களைப் பற்றிய சந்தேகங்களையும் அவரிடம்தான் தீர்த்துக்கொள்வார்கள்.

"ஏம்மா, மார்மன்னு சொல்றாங்களே, உன் வீட்டுக்காரருக்கு எத்தனை பொண்டாட்டி?"

"இன்னும் ஒருத்திகூட சிக்கல சார். முதல்ல அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. மத்தவங்களை அப்புறம் எண்ணிக்கலாம்."

"நீங்க இயேசுவைக் கும்பிட மாட்டீங்களாமே?"

"சபைப் பேர்லயே அவர் பேர்தான் இருக்கு. பேர் நீளமா இருக்கிறதால யாரும் கடைசி வரைக்கும் படிக்கிறதில்லை."

"தலையில கொம்பு இருக்கும்னு எங்க தாத்தா சொல்லுவார்."

"வலைத் தொப்பிக்குள்ள மடக்கி வெச்சிருக்கேன். முட்டை எப்படி வேணும்?"

இதே கேள்விகள் டென்வரில் கல்லூரி விடுதியில் எனக்கும் வந்தன. என் அப்பா வான்கோழி ஆலையில் வெட்டுமேஜையில் நிற்பவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் கேட்டவனையெல்லாம் உட்கார வைத்து, பல தார மணத்தை நாங்கள் விட்டு நூறு வருஷத்துக்கு மேலாகிறது, இன்றைக்கு அப்படிச் செய்பவனைச் சபையை விட்டே நீக்கிவிடுவோம் என்று பிரசங்கம் செய்வேன். கேட்டவன் தூங்கிப்போவான். முட்டை எப்படி வேண்டும் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

படிப்பை முடித்து, எங்கள் பள்ளத்தாக்கிலேயே பள்ளி ஆசிரியராக வந்து சேர்ந்தேன். வெளியூர்க்காரர்கள் எங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டதைப் பற்றி இப்போதும் மணிக்கணக்காகப் பேசுவேன். எங்கள் ஆளையே நாங்கள் புரிந்துகொண்ட லட்சணம் போன குளிர்காலத்தில்தான் தெரிந்தது.

நெட்ராவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒருவரோடு பேச்சு நடந்ததாம், நின்றுபோனதாம். அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். எங்கள் சபையில் எல்லாமே குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு குடும்பம் அப்பன், ஆத்தாள், ஆறேழு பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். நெட்ரா எங்கள் பெஞ்சின் ஓரத்தில், நடைபாதைப் பக்கமாக உட்காருவார். பிள்ளைகள் கழிப்பறைக்கு ஓடும்போதெல்லாம் கால்களை ஒதுக்கி வழிவிடுவார். அன்னையர் தினத்தில் எல்லாப் பெண்களுக்கும் சின்னப் பூந்தொட்டி கொடுப்போம். அவருக்கும் ஒன்று கிடைக்கும். சிரித்துக்கொண்டே வாங்கிப்போய் கார் சீட்டில் வைத்து, அது சாயாமல் இருக்கப் பெல்ட் போட்டுவிடுவார்.

"நெட்ரா சிஸ்டர் தைரியசாலி. யார் தயவும் அவங்களுக்கு வேண்டாம்" என்று ஊரே சொல்லும். அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

போய்ப் பார்க்கக் கடமைப்பட்டவர் ஒருவர் உண்டு, என் அம்மா ட்வைலா. எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னார் விசாரிக்க வேண்டும் என்று ஒப்படைத்திருப்பார்கள். மாதம் ஒரு தடவை அம்மா போவார், இருபது நிமிஷம் உட்காருவார். எழுந்திருக்கும்போது, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க சிஸ்டர்" என்பார். "ஒண்ணும் வேண்டாம், ட்வைலா" என்பார் நெட்ரா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் நடந்தது.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் கடையை மூடிவிட்டார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. போகும்போது அந்தக் காபி இயந்திரத்தைக் கண்ணாடிப் பானையோடு நெட்ராவுக்கே கொடுத்துவிட்டார். குடிக்காதவருக்குக் காபி இயந்திரம் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். நெட்ராவும் சிரித்தார்.

ஜனவரியில் ஒருநாள் காலை, தான் சுட்ட ரொட்டியைக் கொடுக்க அம்மா சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். வாசல் பனியை நான் தள்ளிக்கொண்டிருக்க, அம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தார். நுழைந்த வேகத்தில் நின்றுவிட்டார். வீடு முழுக்கக் காபி வாசனை. இயந்திரத்தில் பானை நிறையக் காபி, மேஜையில் ஆவி பறக்கும் ஒரு கோப்பை.

"ட்வைலா, அது வந்து..." என்று நெட்ரா ஆரம்பித்தார்.

அம்மா ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர். ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நாங்க இருக்கோம்."

திரும்பும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வழுக்கிட்டாங்கடா. அறுபது வயசுல வழுக்கிட்டாங்க. கடை போன துக்கம்."

மற்றவர்கள் ஊரில் இதை வைத்துப் புரளி பேசுவார்கள். எங்கள் ஊரில் சாப்பாடு கொண்டுபோவார்கள். அம்மா யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. "நெட்ரா சிஸ்டரைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று மட்டும் நாலு பேரிடம் சொன்னார். அது போதும். அன்று மாலையே சோள அவல் தூவிச் சுட்ட உருளைக்கிழங்கு ஒரு தட்டு போனது. மறுநாள் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. அதற்கடுத்த நாள் வான்கோழி சூப். வந்தவர்களுக்கெல்லாம் வாசலிலேயே வாசனை அடித்தது. ஒருவரும் காபி என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எடுக்காமல் ஒரு மணி, ஒன்றரை மணி உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமைகளில் குடும்பமாகக் கூடிப் பாடி விளையாடுவது எங்கள் வழக்கம். வாரம் ஒரு வீட்டார் அவரை அதற்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார். தாயம் உருட்டி அப்பாவைத் தோற்கடித்து, "என்ன பிரதர், வான்கோழி வெட்டுற கை நடுங்குது?" என்று அவரைக் கிண்டல் செய்தார். நெட்ரா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

இதற்கு நடுவில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. நெட்ராவின் செத்துப்போன தங்கையின் மகள் ஜெனீலுக்கு ஏப்ரலில் ஆலயத்தில் கல்யாணம். "பெரியம்மா, அம்மா உட்கார வேண்டிய நாற்காலியில நீங்கதான் உட்காரணும்" என்று போனில் அழுதிருக்கிறாள். ஆலயம் என்பது ஞாயிறு கூடுகிற சபைக் கட்டடம் இல்லை; அதற்குள் எல்லோரும் போய்விட முடியாது. பெற்ற தாயானாலும், பிஷப் கேள்விகள் கேட்டுக் கையெழுத்துப் போட்ட அட்டை இல்லாவிட்டால் வெளியே புல்வெளியில்தான் நிற்க வேண்டும். நெட்ராவின் அட்டைக்கு பிப்ரவரியோடு கெடு முடிந்தது.

அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. "காபியை விடாம எப்படிடா அட்டை கிடைக்கும்? அந்த நாற்காலி காலியா இருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆவா?" இரண்டு ஞாயிறு நெட்ராவுக்காகச் சாப்பிடாமல் இருந்து ஜெபம் செய்தார்.

பிப்ரவரிக் கடைசியில் நெட்ரா பிஷப்பைப் பார்க்கப் போனார். பிஷப் ரூலன் ஹாட்ச் வாரநாட்களில் குழாய் ரிப்பேர் செய்கிறவர். எங்கள் சபையில் பிஷப் பொறுப்புக்குச் சம்பளம் கிடையாது, ஆள் மாற்றி ஆள் செய்வதுதான். அரை மணி நேரம் கழித்து நெட்ரா அட்டை இல்லாமல் வெளியே வந்ததை அம்மா பார்த்துவிட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்றைக்குப் பிரசங்கம் இருக்காது. மனதில் பட்டவர்கள் எழுந்து முன்னால் போய்ச் சாட்சி சொல்லலாம். இரண்டு பிள்ளைகளும் ஒரு தாத்தாவும் சொல்லி முடித்தபின், எங்கள் பெஞ்சின் ஓரத்திலிருந்து நெட்ரா எழுந்து போனார். ஒருநாளும் போகாதவர். ஒலிபெருக்கியை இழுத்துத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் காபி குடிக்கலை. ஒருநாளும் குடிச்சதில்லை."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடையில காபி வாசனை வந்தா ஆளுங்க வந்துட்டாங்கன்னு அர்த்தம். வீட்டுல காலையில எழுந்தா ஒரு சத்தமும் இல்லை. அதனால ஒரு பானை போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு கோப்பை ஊத்தி வெச்சேன். ஆறினதும் ரோஜாச் செடிக்கு ஊத்திடுவேன். அதை ட்வைலா பார்த்துட்டா. அப்பவே சொல்லியிருக்கணும். ஆனா நீங்கள்லாம் வர ஆரம்பிச்சீங்க. சொன்னா வரமாட்டீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் நீங்க வர்ற நேரம் பார்த்து வேணும்னே பானையை ஏத்தினேன்."

ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்துலயும் நேர்மையா இருக்கீங்களான்னு பிஷப் கேட்டார். அங்கேயே நின்னுட்டேன். காபிக் கேள்வி வரைக்கும் போகவே இல்லை. 'காபிதானே சிஸ்டர், மெதுவா விட்டுடலாம், நானும் கூட ஜெபம் பண்றேன்'னார். காபி இல்லை பிஷப், பொய்தான் பிரச்சினைன்னேன். சபை முன்னாடி உண்மையைச் சொல்லிட்டு வந்து அட்டை வாங்கிக்கிறேன்னு வந்துட்டேன். சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. சாப்பாடெல்லாம் ரொம்ப ருசியா இருந்துது."

ஆமென் சொல்லிவிட்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து வராந்தாவில் ஒரு பெரியவர் அவரை நிறுத்தினார். "எல்லாக் காபியும் ரோஜாவுக்கா ஊத்தினீங்க?"

"எல்லாம் அதுக்குத்தான்."

"அப்ப அந்தச் செடிக்கு ஆலயத்துக்குள்ள இடமில்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நெட்ராவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். யாருக்கும் கோபமில்லை. பிஷப் அப்போதே உள்ளே கூப்பிட்டு மிச்சக் கேள்விகளையும் கேட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

கோபப்பட்டது என் அம்மா ஒருவர்தான். காரில் ஏறியதும் வெடித்தார். "ரெண்டு ஞாயிறு பட்டினி கிடந்தேன்டா அவங்களுக்காக! தலைவலி வேற."

"குடிக்கலைன்னா நல்லதுதானேம்மா?"

"அதில்லடா. தனியா இருக்கு, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பின் நெட்ராவுக்குத் தட்டு போவது நின்றது. அவரை ஒதுக்கிவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. அதே வாரம் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது, இன்னொரு வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்தது. உருளைக்கிழங்கும் ஜெல்லியும் அந்தப் பக்கம் திரும்பின. நெட்ரா சிஸ்டருக்குத்தான் ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிட்டதே.

கல்யாணத்தன்று நான்தான் அவரை ஆலயத்துக்குக் காரில் கூட்டிப்போனேன். அம்மா தலைவலி என்று வரவில்லை. நெட்ரா, ஆலயத்துக்குள் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும்தான் இடம் என்பதால் நான் புல்வெளியில் காத்திருந்தேன். படம் பிடிக்கிறவர்களும் பூங்கொத்துகளும் சிரிப்புமாக மணமக்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து நெட்ரா வந்தார்.

திரும்பும்போது பாதி தூரத்தில் தானாகவே சொன்னார். "அவ அம்மா நாற்காலியில உட்கார்ந்தேன். ஜெனீல் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தா."

"சந்தோஷமா சிஸ்டர்?"

"சந்தோஷம்தான். அந்த ரூம்ல எதிரெதிரா கண்ணாடி வெச்சிருப்பாங்க. பார்த்தா நம்ம உருவம் போய்க்கிட்டே இருக்கும், முடிவே இல்லாம. மாப்பிள்ளையும் பொண்ணும் ஜோடியா தெரிஞ்சாங்க. நான் எட்டிப் பார்த்தேன். எத்தனை நெட்ரா! அத்தனை பேரும் தனியா நின்னுக்கிட்டிருந்தாங்க." கொஞ்சம் சிரித்தார். "இனிமே எத்தனை பொண்டாட்டின்னு எவனாவது கேட்டா சொல்லலாம்."

அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே விளக்கு எரியும் வரை காரை எடுக்கவில்லை.

மே மாதத்தில்தான் அம்மா மறுபடி அங்கே போனார். கடமைக்குப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் கூடப் போனேன். இரட்டைக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஜெல்லி கார் சீட்டில் இருந்தது. நெட்ரா வீட்டில் வாசனை ஒன்றும் இல்லை. காபி இயந்திரம் மேஜையில் இல்லை. எங்கே என்று அம்மா கேட்கவில்லை. வானிலை, ஜெனீல், வான்கோழிக் குஞ்சு எல்லாம் பேசினார்கள். இருபது நிமிஷம் ஆனதும் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க சிஸ்டர்."

நெட்ரா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும், ட்வைலா. இன்னும் கொஞ்ச நேரம் உட்காரு."

அம்மா என்னைப் பார்த்தார். வெளியே காரைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்க நாற்காலியை இழுத்து, கைப்பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தார். வழக்கமான பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இரண்டு பேருக்கும் அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. காரில் ஜெல்லி இளகிக்கொண்டிருந்தது. அதை ஞாபகப்படுத்த வாயெடுத்த நான், மூடிக்கொண்டேன்.