ஊருக்கு ஒரு மைல் முன்னால்

என் மனைவியை நான் அடித்ததில்லை, குடித்துவிட்டு ஏசியதுமில்லை. இதைச் சொல்லி எத்தனையோ இடங்களில் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். ஆனால் மூன்று வருஷம் அவளை ஊருக்கு ஊர் ஒரு மைல் முன்னால் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டு மணலில் நடக்கவைத்தேன். அதை யாரும் குற்றமென்று சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு பாய்வள்ளம் இருந்தது. கடற்கரை ஊர்களுக்கு அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுபோவோம். வேம்பாரிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி வருவோம். கூட வந்த ஆள், புதுத் துறைமுகத்தில் கல் கொட்டும் வேலைக்கு வாரச் சம்பளம் என்று போய்விட்டான். வேறு ஆள் கிடைக்காமல் நான் ஊரையே திட்டிக்கொண்டு அலைந்தபோது, "நான் வாரேன்" என்றாள் அவள். சிரித்தேன்.

"சிரிச்சது போதும். சுக்கான் பிடிக்க மீசை வேணுமாக்கும்?"

பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வள்ளத்துக்கே குடிபோனோம். பின்பக்கம் ஓலைக் கூரை, மணல் நிரப்பிய பெட்டியில் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், ஒரு மாதா படம், அவ்வளவுதான் வீடு. இரண்டே மாதத்தில் என்னைவிட நன்றாகச் சுக்கான் பிடித்தாள். கடலடிப் பாறையை நாங்கள் பார் என்போம். தண்ணீரின் நிறத்தை வைத்தே எங்கே பார், எங்கே மணல் என்று சொல்லிவிடுவாள். மத்தியானங்களில் ஏதாவது ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டு, அவள் வைத்த விளமீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "தண்டலம்மா, நாளைக்குக் காத்து எப்படி?" என்று சீண்டுவேன். வள்ளத்தை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். அவளும் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்து உத்தரவு போடுவாள். நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

கரைதான் சிக்கல். பெண் ஏறிய வள்ளம் விளங்காது என்று எங்கள் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. நம்பியிருந்தாலாவது மன்னிக்கலாம். எனக்குப் பயமெல்லாம் சிரிப்புக்கு. 'பொண்டாட்டி சுக்கான் பிடிக்கா, இவன் முந்தானையப் பிடிச்சிட்டு இருக்கான்' என்று எவனாவது சொல்லிவிட்டால் என் மானம் கப்பலேறிவிடுமே! அதனால் ஊர் நெருங்கும் முன்பே கரையோரம் ஒதுங்கி, "இறங்குளா" என்பேன். மாற்றுச் சேலையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவாள். நான் மட்டும் வள்ளத்தோடு போய்ச் சேருவேன். பிறகு அவள் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவள் போல நடந்து வருவாள். புறப்படும்போதும் முன்னாலேயே நடந்துபோய், ஊர் மறைந்த பிறகு ஏறிக்கொள்வாள். ஒத்தையாளாக வள்ளம் ஓட்டுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் அவளும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் மட்டும் கேட்டாள். "ஏதாவது ஒரு ஊர்லயாவது என்னையக் கூட்டிட்டு இறங்குங்களேன்."

"பாப்போம்" என்றேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்றாவது வருஷம் மார்கழியில், கீழவைப்பாருக்குப் போகும் வழியில் வாடைக்காற்று சீறிக்கொண்டு வந்தது. பாய்க்கயிறு அறுந்து அடித்ததில் என் வலது கை வீங்கிவிட்டது. இடது கையால் தண்ணீரை இறைப்பதைத் தவிர என்னால் ஒன்றும் முடியவில்லை. இரண்டு மணி நேரம் அவள்தான் சுக்கானைப் பிடித்திருந்தாள். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவள் காற்றை ஏசிக்கொண்டிருந்தாள். இரண்டு பார்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த வழியில் வள்ளத்தை நுழைத்து அமைதியான தண்ணீருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். காற்றும் தணிந்தது. தூரத்தில் ஊர்க் கோயில் தெரிந்தது.

"இறங்குளா" என்றேன்.

இப்போதும் அந்த வாயில் அறைய வேண்டும் போலிருக்கிறது. யோசித்துச் சொன்னதில்லை, பழக்கம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

கரையில் ஊரே நின்றது. ஒரு பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டார். "ஏலே, இந்தக் காத்துல ஒத்தையாளா எப்படிலே கொண்டாந்த?" கைக்குக் கட்டுப் போட்டார்கள், சுக்குக் காப்பி கொடுத்தார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கதை சொன்னேன். பாருக்கு நடுவே நுழைத்தது நான், சுக்கானை விடாமல் பிடித்தது நான், எல்லாமே நான். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் எல்லோருக்கும் பின்னால் ஈரச் சேலையோடு அவள் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"ஒம் புருஷன் பொழச்சது மாதா புண்ணியம் தாயி" என்றார் பெரியவர்.

"ஆமா மாமா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வள்ளத்தில் ஏறவேயில்லை. சண்டை போடவில்லை. தூத்துக்குடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். சோறு போட்டாள், பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோதெல்லாம் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். ஒத்தையாள் என்று பெயர் வாங்கியவனுக்கு ஒத்தையில் ஓட்டத் தெரியாது. ஆறு மாதத்தில் வள்ளத்தை விற்றுவிட்டேன்.

வெகுகாலம் கழித்துக் கீழவைப்பாரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரம் யாரோ அந்தக் காற்றைப் பற்றிப் பேச்செடுத்து, என்னைச் சொல்லச் சொன்னார்கள். அவள் பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு விட்டால் என்றைக்குமில்லை என்று எழுந்து நின்றேன்.

"அன்னைக்குச் சுக்கான் பிடிச்சது நான் இல்ல. இவதான். மூணு வருஷமும் இவதான் ஓட்டுனா. ஊர் சிரிக்கும்னு பயந்து முன்னாலயே இறக்கிவிட்டுட்டு வருவேன்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகக் காம்பைக் கிள்ளினாள்.

"வயசாயிட்டுல்லா, இவரு என்னமோ சொல்லுதாரு" என்றாள். "நான் எங்க வள்ளத்துல வந்தேன்? நடந்துல்லா வந்தேன்."