சஹனில் முடித்த வழக்கு

நான் குற்றவியல் நீதி படிப்பது ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில். பல்கலைக்கழகம் கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறது. நான் கல்முனையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்து இணையத்தில் படிக்கிறேன். ஊரை விட்டுப் போகாமல் இந்தப் பாடத்தைப் படிக்க எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுக் கணினியைத் திறந்தால் வகுப்பு ஜெபத்தோடு தொடங்கும். விரிவுரையாளர் ஒரு காலத்தில் பொலிஸ்காரராக இருந்தவர், இப்போது போதகர். அவர் ஆமென் என்பார், நான் மனதுக்குள் ஆமீன் என்பேன். அதில் எனக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

கரைச்சல் ஊருக்குத்தான். சந்தைக்குப் போன உம்மாவிடம், உங்கள் மகள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாளாமே என்று ஒருத்தி மீன் வாங்கிக்கொண்டே விசாரித்திருக்கிறாள். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊரில் குடும்பப் பிணக்குகளைப் பேசித் தீர்ப்பவர் அவர். வாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தபடி என் ஈமான் போய்விடுமோ, மார்க்கத்தை விட்டுவிடுவேனோ என்று கவலைப்பட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் அதே மனிதர் அதே கதிரையில் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவருக்கு நான் தேவைப்பட்டேன். பெரியம்மாவின் மகள் எனக்கு அக்கா முறை, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய புருஷன் அவள் கையை முறுக்கி உடைத்திருந்தார். மோட்டார் சைக்கிள் திறப்பை எங்கே வைத்தாய் என்று கேட்டாராம். அவள் சாவியைத் தேடுவதற்குள் பொறுமை போய்விட்டதாம். அவர் ஆணி, பூட்டு, வர்ணம் விற்கும் பெரிய ஹாட்வெயார் கடைக்காரர், தொழுகைக்கு முன்வரிசையில் நிற்பவர், பள்ளிவாசலுக்கு வர்ணம் வாங்கிக் கொடுத்தவர். ராத்தா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு புருஷன் தன் தாய் வீட்டில்தான் இருந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீடு ராத்தாவின் பெயரில் இருந்தது. முறைப்பாடு இருக்கும்வரை அவரால் அங்கே வந்து தங்க முடியாது. அதை வாபஸ் வாங்கிவிட்டால் மறுநாளே வந்துவிடுவார்.

"நீ பொலிஸ் சட்டம் படிக்கிற புள்ளதானே. நீ சொன்னா அவ கேப்பா," என்றார் மரைக்கார்.

என் ஈமானில் வந்த கவலை எங்கே போயிற்றோ தெரியவில்லை. அதைக் கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். வாபஸ் வாங்கச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். வாப்பா என்னை உள்ளே போகச் சொன்னார்.

நான் இல்லாமலே ஏற்பாடு நடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ராத்தாவின் வீட்டிலேயே ஆண்கள் கூடினார்கள். அவள் வீடு, அவள் அடுப்பு, அவள் கோழிகள். உடைந்த கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மற்றக் கையால் அவள் மல்லித்தழை ஆய்ந்தாள். நான் வெங்காயம் வெட்டினேன், அன்றைக்கு எனக்கு அது வசதியாக இருந்தது. திரைக்கு அப்பால் நடுவீட்டில் அவர்கள் பேசியதெல்லாம் நாங்கள் சமைத்த குசினிக்குக் கேட்டது. கோபத்தில் நடந்துவிட்டது என்றார் புருஷன். ஷைத்தானின் வேலை என்றார் மரைக்கார். ராத்தாவின் காக்கா, அவளுடைய சொந்த அண்ணன், தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். கடைசியில் மரைக்கார் திரையைப் பார்த்துப் புள்ளைக்குச் சம்மதம்தானே என்று சத்தம் வைத்தார். ராத்தா வாயைத் திறக்குமுன் பெரியம்மா பதில் சொன்னார், ஓம், சம்மதம் என்று.

பிறகு சஹன் வைத்தார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். கோபதாபம் உள்ள இரண்டு பேரை ஒரு சஹனில் உட்காரவைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு கிளறுகிறவர்தான் கெட்டவர். ராத்தாவின் புருஷனையும் காக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்துப் பக்கத்து ஆளின் பக்கம் ஒதுக்குவது சஹன் மரியாதை. திரை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை, அதே வலது கை, கோழித் தொடையை மூட்டில் முறுக்கிப் பிய்த்து காக்காவின் முன்னால் வைத்தது. காக்கா எடுத்துச் சாப்பிட்டார். பின்பக்கம் போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ராத்தா அழவில்லை. மல்லித்தழைக் காம்புகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"அடிபட்டது நான். காக்காக்கும் அவருக்கும் என்ன கோவம் எண்டு அவங்க ரெண்டு பேரையும் ராசியாக்கிற?"

திங்கட்கிழமை மரைக்காரே ஓட்டோ கொண்டுவந்து முறைப்பாட்டை வாபஸ் வாங்க அவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போவதாக முடிவாகியிருந்தது.

அந்த வாரம் பல்கலைக்கழகத்தில் எங்கள் பாடம், குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி உறவைச் சீர்செய்யும் நீதி. உங்கள் சமூகத்தில் கண்டதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த கையோடு சஹனைப் பற்றி எழுதிப் போட்டேன். ஆத்திரத்தோடுதான் எழுதினேன். ஆனால் பாட ஆங்கிலத்தில் எழுதும்போது ஆத்திரமெல்லாம் குளித்து, தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வெளியே வருகிறது.

விரிவுரையாளரின் பதில் மறுநாளே வந்தது. மிக அழகான சாட்சியம் என்று எழுதியிருந்தார். வட்டமாக உட்காருகிறீர்கள், ஒரே பாத்திரத்தில் பகிர்ந்து உண்ணுகிறீர்கள், மன்னிப்பு என்றால் இதுதான் என்றார். அடுத்த வகுப்பு மாணவர்களுக்குக் காட்ட என்னிடம் அனுமதியும் கேட்டார். முழுப் புள்ளி போட்டிருந்தார். கூடப் படிக்கும் சிறைக் காவலர் ஒருத்தி வாசித்துக் கண்கலங்கினாளாம்.

பாதிக்கப்பட்டவள் அந்த வட்டத்தில் இல்லை, குசினியில் இருந்தாள் என்று பதில் எழுதினேன். விருந்தோம்பலும் காயத்தை ஆற்றும், அவளுக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதினார். அந்த விருந்தின் கோழியை நான் வாயில்கூட வைக்கவில்லை.

திங்கட்கிழமை ராத்தாவோடு நானும் ஓட்டோவில் ஏறினேன். மரைக்கார் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார். பொலிசில் பெண்கள் பிரிவு மேசையில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். பள்ளிவாசலில் பேசி முடித்துவிட்டோம் என்று மரைக்கார் விளக்கத் தொடங்க, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ராத்தாவைப் பார்த்து, உடைந்த தமிழில் கேட்டாள்:

"உங்கட விருப்பமா?"

இவ்வளவு நாளில் அவளைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி அது. ராத்தா தன் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மேசையில் வைத்தாள்.

"இல்ல," என்றாள். "நான் வாபஸ் வாங்கல்ல. அவர் என்ட ஊட்டுக்கு வரக்கூடா."

வெளியே வந்ததும் மரைக்கார் அவளிடம் ஒன்றும் கதைக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். ஒரு சஹனில் சாப்பிட்டதை முறித்துவிட்டாய், இதெல்லாம் நீ படிக்கும் வேதக்காரப் படிப்பு செய்கிற வேலை என்று பொலிஸ் வாசலில் நின்று ஏசினார். அந்தப் படிப்பு அவருடைய சஹனுக்குத்தான் முழுப் புள்ளி போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன பயன்? அவரும் என் விரிவுரையாளரும் எங்கேயாவது சந்தித்தால் நன்றாக ஒத்துப்போவார்கள், ஆளுக்கு ஆள் நல்ல துண்டாகப் பார்த்து ஒதுக்குவார்கள். மரைக்கார் ஓட்டோவில் ஏறாமல் நடந்தே போனார்.

நான் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு ஓட்டோ வாசலில் நின்றேன். ராத்தா ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"ஏறுகா. ஊட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கணும்," என்றாள். பிறகு ஓட்டுநரிடம் சொன்னாள்: "அவர்ர கடைக்கு வேணா தம்பி, வேற கடைக்கு விடுங்க."