பதினான்காம் தேதி டின்கள்

மீன் டின் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மூடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக டின் மூடிகளைச் சரிபார்ப்பதுதான் வேலை. டின்னின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாலே மயிரிழை இடைவெளியையும் பிடித்துவிடுவாள்.

அன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். பதினான்காம் தேதி அடைத்த டின்களில் கிருமி இருக்கலாம், கடைகளிலிருந்து திரும்பப் பெறுகிறோம், யாரும் சாப்பிட வேண்டாம். கீழே அறிகுறிகள்: பார்வை இரண்டாகத் தெரியும், இமை சரியும், நாக்குக் குழறும்.

பதினான்காம் தேதி பிற்பகல் இயந்திரம் மூடியைச் சரியாக அழுத்தவில்லை. மேற்பார்வையாளரிடம் அவள் சொன்னாள். "லாரி காத்துக்கிட்டு நிக்குதும்மா, கையெழுத்தப் போடு" என்றார். போட்டுவிட்டாள். தொழிலாளர்களுக்குக் கொடுத்த டின்களும் அதே தேதிதான். அதில் ஒன்றை நேற்றுக் கணவருக்கு மதியச் சாப்பாட்டோடு கட்டிக் கொடுத்திருந்தாள். அவர் பஸ் டிரைவர். இந்நேரம் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார். போன் அணைந்திருந்தது.

பஸ் நிலையத்துக்கு ஓடினாள். அவர் பஸ் இருபது நிமிடம் தாமதம். ஒவ்வொரு ஹாரனுக்கும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் பஸ் வந்தது.

"ஏங்க, நான் எத்தன பேரா தெரியறேன்?"

"ஒருத்தியையே சமாளிக்க முடியல."

"விளையாடாதீங்க. நேத்து மீனச் சாப்பிட்டீங்களா?"

"வழிச்சுச் சாப்பிட்டேன். ஏன்?"

சொன்னாள். அவர் சாவியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கணவர் கண்ணயர்ந்தபோதெல்லாம் உலுக்கி எழுப்பினாள்.

"இமை சரியாம எப்படிடி தூங்கறது?"

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எதிர் வார்டில் ஒரு பெண் மூச்சுக் குழாயோடு கிடந்தாள். அதே தேதி டின். வெளியே அவளுடைய கணவன் செருப்பில்லாமல் நின்றிருந்தான்.

அவள் வேலைக்குத் திரும்பியதும், "யாரும் வாயத் திறக்காதீங்க" என்று மேற்பார்வையாளர் எச்சரித்தார். டின்களைப் பற்றி விசாரிக்க அதிகாரி வந்தபோது அவளே முன்னால் போய் நின்றாள்.

"மூடி சரியில்லன்னு தெரியும் சார். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். போடச் சொன்னது அவரு" என்று மேற்பார்வையாளரைக் காட்டினாள்.

இருவருக்கும் வேலை போயிற்று. இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, எதிர் வார்டுப் பெண் இப்போது தானாக மூச்சு விடுகிறாள் என்று நர்ஸ் போனில் சொன்னாள். ஒரு துணிக் கம்பெனியின் வாசலில் வேலை கேட்டு வரிசையில் நின்றிருந்தாள் மூடியக்கா. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.