ஓடை வெட்டு பிந்திய வருடம்

எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிப் போகும் ஓடை மேற்கு மலையிலிருந்து இறங்கி, பண்ணைப்புரம் பக்கத்துக் கண்மாயில் சேர்கிறது. கரை நெடுக நாவல் மரங்கள். எல்லாம் பெரிய மரங்கள். என் வயதுக்குக் குறைந்த மரம் அதில் ஒன்றுகூட இல்லை. சிவில் படித்து, ஓடைகளில் நீர்மட்டம் அளக்கும் வேலைக்குப் போன பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து கோபம்.

வரிசையாகச் சொல்கிறேன். நாவல் ஆனியில் உதிரும். அதன் விதை நெல் மாதிரி காத்திருக்காது, காய்ந்தால் செத்துவிடும். ஆகவே விழும்போது கரை ஈரமாக இருக்க வேண்டும். முளைத்தபின் தண்ணீர் மெல்ல வற்ற வேண்டும். ஈரத்தைத் தேடி வேர் கீழே இறங்கும். ஐப்பசி வெள்ளத்துக்குள் செடி கரையைப் பிடித்திருக்க வேண்டும். வைகாசிக் கடைசியில் மலையில் சாரல் விழுந்த காலம்வரை இதெல்லாம் தானாக நடந்தது. இப்போது சாரல் ஆடிக்குத் தள்ளிப் போகிறது. வந்தாலும் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது.

தண்ணீர் வருமுன் தோப்புக்காரர்கள் சேர்ந்து ஓடையை வெட்டுவது எங்கள் வழக்கம். மண்ணையும் புதரையும் அள்ளி, கரையை வழித்துவிடுவார்கள். முன்பு அது சித்திரையில் முடிந்துவிடும். பழம் அதற்குப் பிறகுதான் உதிரும். தண்ணீர் பிந்தத் தொடங்கியதும், வராத தண்ணீருக்கு எதற்கு வெட்டு என்று அதையும் தள்ளிப் போட்டார்கள். போன வருடம் ஆடியில்தான் ஜேசிபி வந்தது. ஆனியில் பெய்த ஒரே மழைக்குக் கரையெங்கும் நாவல் முளைத்துச் செம்புநிறத் துளிர் விட்டிருந்தது.

இதில் அதிகம் இழக்கப்போகிறவர் அப்பாதான். முந்தைய வெள்ளத்தில் எங்கள் கரை இடிந்து இரண்டு தென்னைகள் விழுந்தன. அடுத்த வரிசை விளிம்பில் நிற்கிறது. மண்ணைப் பிடிக்க இளம் மரங்கள் வேண்டும். அந்த அப்பாவே மெஷினுக்கு முன்னால் நின்று, இங்கன இன்னும் கொஞ்சம் வழிச்சு விடு என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

நான் போய்க் குறுக்கே நின்றேன். எதிர்க்கரைத் தோப்புக்காரர், எனக்கு மாமா முறை, சிரித்தார்.

"என்னத்தா, மெஷினுக்கு இன்னைக்கு லீவா?"

"அது களை இல்ல மாமா. நாவக்கன்னு."

"நாவல் அதுபாட்டுக்கு மொளைக்கும். நாமளா நட்டோம்?"

அந்த ஒரு வார்த்தை இன்றும் எரிகிறது. யாரும் நடாதது நின்றுபோகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். அடியில் விதை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, எங்கள் கரையை விட்டுவிடச் சொன்னார். மாமாவின் கரை மொழுமொழுவென்று வழிக்கப்பட்டது.

அந்த வாரமே மலையில் கொட்டியது. ஒரே மதியத்தில் வந்த தண்ணீர் கன்றுகளை மண்ணோடு அள்ளிப் போனது. வேர் இறங்க அவகாசமே இல்லை. விளிம்புத் தென்னை ஒன்று சாய்ந்தது. மாமாவின் கரையும் போயிருந்தது.

வெட்டு பிந்தியது தண்ணீர் பிந்தியதால். தண்ணீர் பிந்தியது, இந்தப் பள்ளத்தாக்கே சேர்ந்தாலும் எரிக்க முடியாத அளவுக்கு எங்கெங்கோ கரியும் எண்ணெயும் எரித்துத் தள்ளியதால். எரித்தவர்கள் யாரும் இந்தக் கரையில் வந்து நிற்கப் போவதில்லை. அப்பா நிற்கிறார்.

இந்த வருடம் சித்திரையிலேயே வெட்ட வேண்டும் என்றார் அப்பா. ஓடை வறண்டு கிடந்தது. தண்ணீர் எப்போது வரும் என்றே தெரியாமல் எதற்கு என்று மாமா கேட்டார்.

"தண்ணிக்கு இல்ல மாப்ள. நாவலுக்கு வெட்டுறோம்."

காய்ந்த ஓடையில் மெஷின் இறங்கியது. எனக்குக் கோபம் ஆறவில்லை. வெட்டும் மாதத்தை நாங்கள் மாற்றிக்கொண்டோம். தண்ணீர் வரும் மாதத்தை யாரிடம் போய் மாற்றச் சொல்வது? மேலே நாவல் பூத்திருந்தது, வழக்கமான மாதத்தில்.